நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், முதலில் தண்ணீரைப் பாருங்கள்

சென்னை மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் மொட்டை மாடியில் ஒரு எலுமிச்சை மரம் இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன் அம்மா புளியங்குடியிலிருந்து கன்றாகக் கொண்டு வந்தது. நன்றாகக் காய்த்துக் கொண்டிருந்தது. போன ஆனியில் புதிய சிமென்ட் தொட்டிக்கு மாற்றினோம். ஆவணியில் வந்த துளிர் எல்லாம் மஞ்சள். இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. முட்டை ஓட்டுப் பொடி, சாம்பல், எப்சம் உப்பு எல்லாம் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று ஒரு பிடி டிஏபி உரமும் போட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் தேறியது போலிருந்தது, மார்கழியில் மறுபடியும் மஞ்சள். தண்ணீர் இரண்டு வேளையும் விடுகிறோம். ஆர்ஓ மெஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைத்தான் பிடித்து ஊற்றுகிறோம். நர்சரிக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு இது வைரஸ், மரத்தை எடுத்துவிடுங்கள் என்கிறார். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எடுத்துத்தான் ஆக வேண்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

எடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் மரத்துக்கு வந்திருப்பது இரும்புச்சத்துக் குறைபாடு. கூடவே துத்தநாகமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மண்ணில் இரும்பு இல்லாததால் வந்த குறை இல்லை இது. செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். இருக்கிற இரும்பை எடுக்க முடியாதபடி மண் மாறிவிட்டது. மாற்றியது பெரும்பாலும் நீங்கள் ஊற்றும் தண்ணீர், மீதி அந்தத் தொட்டியும் முட்டை ஓடும் சாம்பலும்.

இதை நான் படத்தைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு வழி காட்டியது: ஐப்பசி, கார்த்திகையில் தேறியது. அந்த இரண்டு மாதமும் சென்னையில் மழை. செடிக்கு ஆர்ஓ கழிவு நீர் போயிருக்காது, வானத்துத் தண்ணீர் போயிருக்கும். தொட்டியில் சேர்ந்திருந்த உப்பும் கொஞ்சம் கழுவிக்கொண்டு போயிருக்கும். மார்கழியில் மழை நின்றது, பழைய தண்ணீர் திரும்பியது, மஞ்சளும் திரும்பியது. வைரஸ் மழைக்குத் தேறாது.

இலையைப் படிப்பது எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நீங்களே மாடிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள அது உதவும்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்த இலை மஞ்சள் என்பது. அடி இலையா, நுனி இலையா? தழைச்சத்தும் (நைட்ரஜன்) மெக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். தழைச்சத்து என்றால் இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும். மெக்னீசியம் என்றால் காம்பை ஒட்டி ஒரு பச்சை முக்கோணம் மட்டும் மிஞ்சி, சுற்றிலும் மஞ்சளாகும். இரும்பும் துத்தநாகமும் அப்படியில்லை. ஓர் இலையில் போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், எழுந்து வராது. ஆகவே புதிதாக வரும் துளிர்தான் பட்டினி கிடக்கும்.

உங்கள் முதல் படத்தில் இருப்பது துளிர் இலை. கிளிப்பச்சையும் தாண்டி, ஏறக்குறைய எலுமிச்சைப் பழத்தின் நிறத்துக்கே வந்துவிட்டது. அதன் மேல் நடு நரம்பும் பக்க நரம்புகளும், அவற்றிலிருந்து பிரியும் நூல் போன்ற சின்ன நரம்புகளும்கூட வலை பின்னியது போல் பச்சையாகத் தெரிகின்றன. இது இரும்புக் குறைக்கே உரிய அடையாளம். அதே கிளையில் இரண்டு மூன்று இலைகள் குறுகிச் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, கொத்தாக நிற்கின்றன. அது துத்தநாகம். இரண்டும் சேர்ந்து வருவது வழக்கம்தான். மண்ணில் காரத்தன்மை ஏறினால் இரண்டுமே கரையாமல் போகும், கரையாததை வேர் குடிக்க முடியாது.

இப்போது நர்சரிக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் நினைத்தது கிரீனிங் நோயாக இருக்கலாம். அது வைரஸ் அல்ல, ஒரு பாக்டீரியா. சிட்ரஸ் சில்லிட் என்ற சின்னஞ்சிறு பூச்சி பரப்புகிறது. அந்த நோய் வந்தால் குணமாக்க மருந்து கிடையாது, எனவே அவர் பயந்ததில் தப்பில்லை. ஆனால் இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நடு நரம்புக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். சத்துக் குறைபாடு என்றால் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்திருக்கும். கிரீனிங் என்றால் ஒத்துப்போகாது. ஒரு பக்கம் பெரிய மஞ்சள் திட்டு, மறுபக்கம் வேறெங்கோ ஒரு பச்சைத் திட்டு என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். உங்கள் இலை இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருக்கிறது. இருந்தாலும் ஒரு பத்து இலையைப் பறித்து இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், மனசுக்கு நிம்மதியாக இருக்கும். மாடியில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் அதன் கொழுந்தையும் பாருங்கள். இந்தப் பூச்சி அதிலும் தங்கும். வெள்ளை மெழுகு இழை போல ஏதாவது கொழுந்தில் தொங்கினால் வேப்பெண்ணெய் தெளித்துவிடலாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இதை நிதானமாகப் படியுங்கள்.

ஆர்ஓ மெஷின் தண்ணீரில் இருக்கும் உப்பை அழிப்பதில்லை. குடிக்கிற தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து, அதை மீதித் தண்ணீரோடு சேர்த்து வெளியே தள்ளுகிறது. அதனால் உள்ளே போகும் போர்வெல் தண்ணீரைவிட வெளியே வரும் கழிவு நீரில் உப்பு அதிகம். உள்ளே போவது டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 800 என்றால் வெளியே வருவது 1,000-ஐத் தாண்டிவிடும். எலுமிச்சை வகை மரங்கள் உப்பைத் தாங்காதவை. 700-க்கு மேல் போனாலே திணற ஆரம்பிக்கும். தோட்டத்து மண்ணில் நிற்கும் மரமாக இருந்தால் மழையில் உப்பு ஆழத்துக்கு இறங்கிவிடும். தொட்டியில் எங்கே இறங்குவது? வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே நிற்கிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் உப்பு வந்து சேருகிறது. உங்கள் மூன்றாவது படத்தில் தொட்டியின் உள்விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதே, அதுதான். சில இலைகளின் நுனி கருகியிருப்பதும் அதனால்தான்.

தண்ணீரை வீணாக்கக்கூடாது என்ற உங்கள் எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைக்கு மட்டும் வேண்டாம்.

உப்பு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. நம் புறநகர் போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பு அதில் கரைந்திருக்கிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் தண்ணீர் பிடிக்கும் வாளியின் விளிம்பில் காய்ந்திருக்கும் வெள்ளைப் படிவைக் கொஞ்சம் சுரண்டி ஒரு தட்டில் வைத்து, அதன் மேல் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். பொடிப் பொடியாக நுரை கிளம்பினால் அது சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பைத்தான் இத்தனை மாதமாக மரமும் குடித்துக் கொண்டிருக்கிறது. அதன் மேல் முட்டை ஓடு போட்டீர்கள், அதுவும் சுண்ணாம்பு. சாம்பல் போட்டீர்கள், அதுவும் காரம். புதிய சிமென்ட் தொட்டியும் ஆரம்ப மாதங்களில் காரத்தைக் கசியவிடும். எலுமிச்சைக்குப் பிடித்தது 5.5-லிருந்து 6.5 வரை பிஹெச் (புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) உள்ள, லேசாகப் புளித்த மண். 7-ஐத் தாண்டினால் இரும்பு கரைவது வேகமாகக் குறையும். உங்கள் தொட்டியில் 8-க்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதையும் யூகமாக விட வேண்டாம். கடையில் பிஹெச் தாள் கிடைக்கும். தொட்டியில் அரை அடி ஆழத்திலிருந்து ஒரு பங்கு மண் எடுத்து, இரண்டரைப் பங்கு குடிக்கிற ஆர்ஓ தண்ணீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, தெளிந்த நீரில் தாளை நனைத்து நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஊற்றும் தண்ணீரையும் அதே தாளில் பார்த்துவிடுங்கள். டிடிஎஸ் பார்க்கும் பேனா போன்ற கருவி ஆர்ஓ சர்வீஸுக்கு வருபவரிடம் இருக்கும், அடுத்த முறை வரும்போது கழிவு நீரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்தமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாடித் தோட்டத்து நாரத்தைக்கு இதே மஞ்சளைப் பார்த்து நுண்ணூட்டக் கலவை எழுதிக் கொடுத்தேன். மண்ணில் போட்டார்கள், தேறவில்லை. இன்னும் கொஞ்சம் அதிகம் போடச் சொன்னேன். மூன்று மாதம் கழித்துத்தான் அந்த வீட்டுத் தண்ணீரை ஒரு தடவை சோதித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது. அந்த மரம் பிழைத்தது, ஆனால் ஒரு வருடக் காய்ப்பு போய்விட்டது. அன்றிலிருந்து எந்த மாடிக்குப் போனாலும் முதலில் தண்ணீர், அப்புறம் வேர், அதற்கப்புறம்தான் மருந்து.

வேரைச் சொன்னேன் அல்லவா, அதையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு வேளைத் தண்ணீர் என்பது தை மாதத்துக்கு மிக அதிகம். மேல் மண் காய்ந்து தெரியும், உள்ளே தென்னைநார்க் கழிவு சொதசொதவென்று ஈரம் பிடித்து வைத்திருக்கும். காற்று கிடைக்காத வேரும் இரும்பை எடுக்காது. மண்ணில் எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஈரமே துளிரை மஞ்சளாக்கப் போதும். இப்போது மாசி பிறக்கப் போகிறது, வெயில் ஏறுவதற்கு முன் தொட்டி மாற்ற இதைவிட நல்ல சமயம் இல்லை. சித்திரைக்கு மேல் வேரைத் தொடக்கூடாது.

எப்படிச் செய்வது? இரண்டு நாள் தண்ணீர் விடாமல் நிறுத்துங்கள். மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு, இரண்டு பேராகச் சேர்ந்து தொட்டியைச் சாய்த்து மரத்தை மண்ணோடு வெளியே எடுங்கள். வேரை மோந்து பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக அல்லது வெளிர் மஞ்சளாக, ஒடித்தால் பட்டென்று ஒடியும், மழை பெய்த மண் வாசனை வரும். கெட்ட வேர் பழுப்பாக இருக்கும். விரலால் உருவினால் மேல்தோல் உறை போலக் கழன்று உள்ளே ஒரு நார் மட்டும் மிஞ்சும், புளித்த நாற்றம் வரும். கெட்டதை எல்லாம் சுத்தமான கத்தரியால் நறுக்கிவிடுங்கள். வேர்க்கட்டின் ஓரத்திலும் அடியிலும் உள்ள பழைய மண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் குச்சியால் மெதுவாக உதிர்த்துவிடுங்கள். முழுவதும் உதிர்க்க வேண்டாம், மரம் அதிர்ச்சியில் இலை கொட்டிவிடும். முட்டை ஓடு தெரிகிற மேல் மண்ணை மட்டும் முழுவதும் வழித்து எடுத்துவிடுங்கள்.

அந்த சிமென்ட் தொட்டிக்கே திரும்ப வைக்காதீர்கள். பாதியாக வெட்டிய நீல பிளாஸ்டிக் டிரம் போதும், அடியில் விரல் பருமனில் ஆறேழு ஓட்டை போட்டு இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண் கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு, ஒரு பங்கு பருமணல், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தென்னைநார்க் கட்டியை ஊற வைத்து மூன்று தண்ணீர் மாற்றி அலசிய பிறகே சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும். வைக்கும்போது தண்டு பழைய மண்மட்டத்துக்கு மேல் புதைந்துவிடக் கூடாது. தண்டின் அடியில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்திருந்தால் அது வேறு பிரச்சினை, பூஞ்சாணம். அதை மட்டும் உடனே படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் படத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

மாற்றிய பிறகு பத்து நாள் நிழல்வலைக்குக் கீழே அல்லது காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள்.

இனி எந்தத் தண்ணீர்? மழைத் தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை. நம் ஊரில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். மாடியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு டிரம் வைத்துப் பிடித்து மூடி வைத்தால் இந்த ஒரு மரத்துக்கு எத்தனையோ நாளைக்கு வரும். ஆனால் அடுத்த மழை வரை என்ன செய்வது? உங்கள் வீட்டில் ஏசி இருந்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்குவது அது, உப்பே இருக்காது. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவுக்குள் சில லிட்டர் சேர்ந்துவிடும். மெட்ரோ தண்ணீர் வருமானால் அதுவும் பெரும்பாலும் போரைவிட மேல். வேறு வழியே இல்லாமல் போர் தண்ணீர்தான் என்றால், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கொடுப்பார்கள். 10 லிட்டருக்கு 2 கிராம் போட்டுக் கலக்கி, பிஹெச் தாளில் பார்த்து, 6-க்கும் 6.5-க்கும் இடையில் வரும் வரை சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள். அளவு வீட்டுக்கு வீடு மாறும், தாளைப் பார்க்காமல் கொட்டாதீர்கள். இது சுண்ணாம்புக்குத்தான் மாற்று, உப்பைக் குறைக்காது. எனவே ஆர்ஓ கழிவு நீரில் இதைச் செய்து பயனில்லை.

எப்போது விடுவது என்பதற்கு விரல்தான் அளவுகோல். இரண்டு கணு ஆழம் விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் வேண்டாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாகக் கொஞ்சம் வழியும் வரை ஒரே தடவையாக நிறைய விடுங்கள். வழிந்ததைத் தட்டில் தேங்க விடாதீர்கள்.

மண் சரியாகி வேர் எழுந்திருக்கச் சில வாரம் ஆகும். அதுவரை இலை வழியாக ஊட்டுவோம். உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் வாங்குங்கள், நம் பெரியவர்கள் அன்னபேதி என்பார்கள். நல்ல சரக்கு வெளிர் பச்சைப் பளிங்காக இருக்கும். பழுப்பேறித் துருப் பொடி போலிருந்தால் வாங்க வேண்டாம், அது கெட்டுப்போனது. ஒரு லிட்டர் ஆர்ஓ குடிநீரில் முதலில் 1 கிராம் எலுமிச்சை உப்பு, பிறகு 2.5 கிராம் அன்னபேதி கரைத்து, உடனே மாலை வேளையில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். வைத்திருந்து மறுநாள் தெளிக்கக்கூடாது. முதலில் ஒரு கிளைக்கு மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள், கருகவில்லை என்றால் மரம் முழுவதும் தெளிக்கலாம். தரையில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள், ஓட்டில் துருக்கறை பட்டால் போகாது. பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை போதும்.

ஒரு வாரம் பத்து நாளில் மஞ்சள் இலையில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். துளி விழுந்த இடம் மட்டும் பச்சையாகும். அதைப் பார்த்துப் புதிய நோய் என்று பயந்துவிடாதீர்கள். அந்தப் புள்ளிதான் இரும்புக் குறை என்பதற்கு உறுதியான சாட்சி.

துத்தநாகத்தை இதோடு கலக்க வேண்டாம், வேறொரு நாள் தெளியுங்கள். 5 கிராம் துத்தநாக சல்பேட், அது இலையைச் சுடாமலிருக்க அதில் பாதி அளவு நீற்றுச் சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர், துணியில் வடிகட்டித் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு கூடாது என்று இத்தனை நேரம் சொன்னவன் இங்கே போடச் சொல்கிறேனே என்று நினைப்பீர்கள். இது இலைக்கு, அதுவும் துளியளவு. மண்ணில் கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். எலுமிச்சைத் தோட்டங்களில் இதை மார்ச், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு மூன்று தடவை துளிர் வரும் சமயத்தில் தெளிப்பார்கள். உங்களுக்கும் அதே கணக்கு.

இரும்பைத் தொட்டி மண்ணில் போடலாமா என்றால், கடைகளில் அதிகம் கிடைக்கும் ஈடிடிஏ (EDTA) வகை இரும்பு காரமான மண்ணில் நிற்காது. மண்ணுக்கு என்றால் ஈடிடிஹெச்ஏ (EDDHA) என்று எழுதியிருக்கும் கருஞ்சிவப்புக் குருணைதான் வேலை செய்யும், விலை கூடுதல். மண்ணை மாற்றித் தண்ணீரையும் மாற்றிவிட்டால் உங்களுக்கு அது தேவைப்படாது.

எப்சம் உப்பையும் டிஏபியையும் எடுத்து வைத்துவிடுங்கள். எப்சம் உப்பு மெக்னீசியம் குறைந்தால் கொடுப்பது, உங்கள் அடி இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. டிஏபியில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவுக்கு மீறினால் இரும்பையும் துத்தநாகத்தையும் இன்னும் தடுக்கும். அந்த ஒரு பிடி கொஞ்சம் கெடுத்துத்தான் இருக்கும், பழைய மண்ணோடு அதில் பாதி போய்விடும். ஆறு வாரம் எந்த உரமும் வேண்டாம். புதுத் துளிர் பச்சையாக வந்த பிறகு அம்மோனியம் சல்பேட் ஒரு டீஸ்பூன், இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாதம் ஒரு முறை. அது மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிப்புப் பக்கம் கொண்டு போகும். ரசாயனம் வேண்டாம் என்றால் கடலைப் புண்ணாக்கை ஊற வைத்து, தெளிவை மட்டும் பத்து மடங்கு தண்ணீர் விட்டு ஊற்றலாம்.

இன்னொன்று, மாசி பங்குனியில் புதுத் துளிர் வரும்போது வயதான அடி இலைகள் சில மஞ்சளாகி உதிரும். அது இயல்பு, எலுமிச்சை இலைக்கு ஆயுள் ஒன்றிரண்டு வருடம்தான். பழைய மஞ்சள் இலைகள் முழுப் பச்சைக்குத் திரும்பாமலும் போகலாம். அவற்றைப் பறித்துப் போடாதீர்கள், அரை மஞ்சள் இலையும் மரத்துக்குச் சோறு சமைத்துக் கொடுக்கிறது. இந்த வருடம் வருகிற பூவை மட்டும் முக்கால்வாசி கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் வேர் தேறாத மரத்தின் மேல் காயைச் சுமத்தக் கூடாது.

உங்கள் அம்மாவிடம் மரத்தை எடுக்கப் போவதாக எதுவும் சொல்ல வேண்டாம். அவரையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு போய், வேரைப் பார்க்கும்போது கூட வைத்துக்கொள்ளுங்கள். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு நல்ல வேர் எப்படியிருக்கும் என்பது படத்தைப் பார்த்துச் சொல்லும் என்னைவிடத் தெரிந்திருக்கும். பங்குனி கடைசியில் வரும் துளிரில் மூன்றாவது இலையை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பிஹெச் தாளில் வந்த இரண்டு எண்களையும் அதன் கீழே எழுதிவிடுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்வோம்.